உள்ளத்தின் உறுதி ஆதாரமாகுமா? வாசகர் கேள்வி – பதில்

"இயேசுவை நான் உணர்ந்திருக்கிறேன், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" என்ற பேச்சைச் சுற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் தந்திருக்கிறோம். விசுவாசிகளும் எழுதியிருக்கிறார்கள், நம்பாதவர்களும் எழுதியிருக்கிறார்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

"இயேசு உயிரோடு இருக்கிறார் என்று என் உள்ளத்துக்குத் தெரியும்" என்று ஹாஸ்டலில் சொன்னேன். "அது உன் ஃபீலிங், ஆதாரம் கிடையாது" என்று நண்பன் பேச்சை முடித்துவிட்டான். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ஆளுக்குப் பாதி. நீங்கள் சொன்னதில் இரண்டு சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு ஏதோ ஓர் அனுபவம் நேர்ந்தது என்பது ஒன்று. அதில் உங்களுக்குத் துளியும் சந்தேகமில்லை என்பது இன்னொன்று. முதலாவது ஆதாரக் கணக்கில் வரும், இரண்டாவது வராது.

இரண்டாவதை ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் 1700லேயே போட்டு உடைத்துவிட்டார். தம் பெருநூலின் நான்காம் பதிப்பில் மத ஆவேசத்தைப் பற்றி ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்து, இப்படிப்பட்டவர்கள் உறுதியாக இருப்பதாலேயே உறுதியாக இருக்கிறார்கள் என்று குறை சொன்னார். அவர் எடுத்த உதாரணம் வேதத்திலிருந்தே வந்தது. கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிறையில் தள்ளிய நாட்களில் சவுலுக்கும் (பின்னாளில் பவுல்) தான் செய்வது சரி என்பதில் சந்தேகமே இல்லை (அப்போஸ்தலர் 26:9). தமஸ்கு சாலையில் மனம் மாறுவதற்கு முன்னும் உறுதி, பின்னும் உறுதி. இரண்டில் எது சரி என்பதை அந்த உறுதியின் அளவை வைத்துச் சொல்ல முடியாது.

அனுபவத்துக்கு வருவோம். ஒன்று ஆதாரமா இல்லையா என்று பார்க்க இப்படிக் கேளுங்கள்: நம்பிக்கை உண்மையானால் இது நடக்க எவ்வளவு வாய்ப்பு? பொய்யானாலும் இது நடக்க எவ்வளவு வாய்ப்பு? இந்த இரண்டின் விகிதம்தான் ஆதாரத்தின் எடை. கணக்குப் பழக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வளர்ந்த ஒருவர், வாலிபர் முகாமின் கடைசி இரவில், விளக்கை அணைத்துப் பாட்டு மெல்ல ஓடும்போது உருகி அழுகிறார். கிறிஸ்தவம் உண்மையானால் அப்படி அழ 100க்கு 80 வாய்ப்பு. உண்மையில்லாவிட்டாலும் அந்தப் பாட்டும் வளர்ப்பும் கூட இருக்கும் நண்பர்களும் சேர்ந்து 100க்கு 60 வாய்ப்பு. விகிதம் 4க்கு 3. பாதிக்குப் பாதி என்று நின்றவரை இது ஏறக்குறைய 57 சதவீதத்துக்கு நகர்த்தும், அவ்வளவுதான். ஆகவே "கிடையாது" என்று நண்பர் சொன்னது தவறு. "தெரியும்" என்று நீங்கள் சொன்னதும் அதிகம்.

அதே கணக்கை, எதிர்பார்ப்போ விருப்பமோ இல்லாத, மனம் மாறினால் இழக்க நிறைய இருக்கிற ஒரு எதிராளிக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையானால் 100க்கு 5, பொய்யானால் 100க்கு 1 என்று வைத்தால் விகிதம் 5க்கு 1. பாதிக்குப் பாதி நின்றவர் 83 சதவீதத்துக்குப் போய்விடுவார். பவுலின் மனமாற்றத்தை எல்லா வாதத்திலும் இழுப்பது இதனால்தான். அந்த "100க்கு 1" எங்கிருந்து வந்தது என்று உங்கள் நண்பர் கேட்பார். கேட்கட்டும், வாதம் நடக்கவேண்டிய இடமே அதுதான்.

பழனி படியேறும் என் அம்மாவுக்கும் முருகன்மேல் இதே உறுதிதான். ஒருவருடைய உறுதி இன்னொருவருடையதை வெட்டிவிடுகிறதே?
– வாசகர், திண்டுக்கல்

வந்த கடிதங்களில் கனமான கேள்வி உங்களுடையது. அனுபவத்துக்காக வாதாடுகிறவர்களே திணறுகிற இடம். அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஆல்ஸ்டன் 1991ல் ஒரு நீண்ட வாதம் வைத்தார். கண்ணால் காண்பதை, மறுக்கக் காரணம் வரும்வரை நம்புகிறோம். கடவுளை உணர்ந்ததாகத் தோன்றுவதையும் அப்படியே நடத்தலாம் என்றார். மதங்கள் பலவாக இருப்பது அந்த நம்பகத்தன்மையைக் குறைக்கத்தான் செய்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். குறைக்கிறது, ஒழித்துவிடவில்லை என்பது அவர் கட்சி.

முருக பக்தி வரை கூடப் போக வேண்டாம். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் ஊழியர்கள், "எங்கள் நூலைப் படித்துவிட்டு, இது உண்மையா என்று கடவுளிடமே கேளுங்கள்" என்பார்கள். நூலின் கடைசிப் பகுதியிலேயே அந்த அழைப்பு இருக்கிறது. கேட்டோம், நெஞ்சு அனலாயிற்று என்று சாட்சி சொல்கிறவர்கள் ஏராளம். நம் போதகர்கள் அதை ஏற்பதில்லை, உணர்வு ஏமாற்றும் என்கிறார்கள். சரியான பதில்தான். ஆனால் அடுத்த ஞாயிறு தங்கள் சபையில் நெஞ்சு அனலாகும்போதும் அந்தப் பதில் செல்லுபடியாக வேண்டும் அல்லவா?

பிரித்துப் பார்த்தால் ஓரளவு வழி கிடைக்கும். "என்னைவிடப் பெரிய, அன்புள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தார்" என்பது அனுபவத்தில் நேராகக் கிடைத்ததாக இருக்கலாம். "அவர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு மூன்றாம் நாள் எழுந்தவர்" என்பது எந்த உணர்விலும் கிடைக்காது. அது சொல்லக் கேட்டும் படித்தும் வந்தது, அனுபவத்தின்மேல் நாம் ஒட்டிய பெயர். முதல் மட்டத்தில் உங்கள் அம்மாவும் ஒரு கிறிஸ்தவரும் மோதிக்கொள்ளவே தேவையில்லை. இரண்டாம் மட்டத்தில் மோதல் நிச்சயம் உண்டு, அதைத் தீர்க்க ஏடுகள், சாட்சிகள், தேதிகள் என்று வரலாற்றுக்குள் இறங்க வேண்டும். "அம்மாவுக்கு நேர்ந்தது மனப்பிரமை, எனக்கு நேர்ந்தது பரிசுத்த ஆவி" என்று ஆளுக்கொரு அளவுகோல் வைப்பவரோடு பேசிப் பயனில்லை.

ரோமர் 8:16ல் ஆவியானவரே நம் ஆவியுடனேகூடச் சாட்சி கொடுக்கிறார் என்று இருக்கிறதே. அதற்கு மேல் ஆதாரம் தேடுவது அவிசுவாசம் ஆகாதா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

ஒரு வசனம் மேலே போய் 15ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஏற்கெனவே விசுவாசித்தவர்களிடம், நீங்கள் பயப்படுகிற அடிமைகள் அல்ல, பிள்ளைகள் என்று பவுல் தைரியம் சொல்லும் இடம் அது. "நான் பிள்ளைதானா?" என்று கலங்குகிறவருக்கு அது மருந்து. "கிறிஸ்தவம் உண்மையா?" என்று கேட்டு வெளியே நிற்பவரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

ஆவியின் உள்ளான சாட்சியைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினைப் போல உயர்த்தியவர்கள் குறைவு. 1559ல் இறுதி வடிவம் பெற்ற அவருடைய நூலின் முதல் புத்தகம், 7ஆம் அத்தியாயம் அதற்குத்தான். பலர் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 8ஆம் அத்தியாயத்தில் வேதத்தின் பழமை, தீர்க்கதரிசனங்கள் என்று வெளி ஆதாரங்களை அவரே வரிசையாக வைக்கிறார். தனியாக அவை போதாது, துணையாக நல்லவை என்பது அவர் கணிப்பு.

நம் காலத்தில் அமெரிக்க மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா அதே வழியில் போனார். கிறிஸ்தவம் உண்மையானால், ஆவியானவரால் பிறக்கும் விசுவாசத்துக்கு வாதங்களின் ஊன்றுகோல் இல்லாமலே அறிவு என்ற தகுதி உண்டு என்று 2000ல் எழுதினார். சரி, அது உண்மையா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மெய்யியலின் தகுதிக்கு அப்பாற்பட்டது என்று சொல்லித்தான் நூலை முடிக்கிறார். இந்த "உண்மையானால்" என்ற நிபந்தனையை விட்டுவிட்டு அவர் பெயரை மட்டும் பிரசங்கத்தில் சொல்வது நியாயமாகாது.

எங்கள் ஊழியர் "இந்த மனையை வாங்கு என்று கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்கிறார். பணம் என்னுடையது.
– வாசகர், தாம்பரம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கடவுள் கனவில் பேசினார் என்று ஒருவர் சொன்னால், கடவுள் பேசியதாக அவர் கனவு கண்டார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று ஆங்கிலேய மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் 1651லேயே எழுதியிருக்கிறார். ஹாப்ஸ் வேண்டாம் என்றால் உபாகமம் 18:22 இருக்கிறது: சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல. ஆனால் அது தெரியவரும்போது கிரயம் முடிந்திருக்கும்.

எனக்கு எந்த உணர்வும் வருவதில்லை. ஜெபிக்கிறேன், ஆராதனைக்குப் போகிறேன், எல்லாம் வறட்சி. என் விசுவாசம் போலியா?
– இல்லத்தரசி, தூத்துக்குடி

இல்லை. உணர்வு வந்தால் நிரூபணம் ஆகாது என்றால், வராவிட்டால் மறுப்பும் ஆகாது. லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தம் இதயம் விநோதமாய் அனல்கொண்டதாக மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1738 மே 24ஆம் தேதிக் குறிப்பு அது. அதே குறிப்பில் சில வரிகள் தாண்டி, "இது விசுவாசமாக இருக்க முடியாது, சந்தோஷம் எங்கே?" என்ற எண்ணம் சீக்கிரமே வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007ல் நூலாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் இப்படிப்பட்ட இருளில் நடந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதற்கென்றே விதிகள் எழுதிவைத்திருக்கிறார். வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது ஒன்று. வறட்சிக்கு மூன்று காரணங்களும் சொல்கிறார்: நம் அசட்டை, நம்மைச் சோதித்தல், ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை, கொடை என்று கற்பித்தல். நாங்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்போம். தூக்கம், பசி, வேலை எல்லாவற்றிலும் நாட்டம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதை ஆவிக்குரிய வறட்சி என்று நினைத்து நாள் கடத்தாதீர்கள்.

எங்கள் வாலிபர் சங்கம் சபையாரின் சாட்சிகளைத் தொகுத்துச் சிறு புத்தகமாகப் போட இருக்கிறது. நம்பகமாகத் தொகுப்பது எப்படி?
– செயலாளர், வாலிபர் சங்கம், மதுரை

முதலில் நேரம். சம்பவம் நடந்த 24 மணி நேரத்துக்குள், இன்னொருவரிடம் சொல்வதற்கு முன், கையால் எழுதித் தேதி போட்டு வாங்குங்கள். 1986ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, பலர் முற்றிலும் வேறு கதை சொன்னார்கள், அதையும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதியதைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. பொய் சொல்லும் எண்ணம் அவர்களில் யாருக்கும் இல்லை. மேடையில் இருபது முறை சொல்லப்பட்ட சாட்சி இதைவிட அதிகமாக மெருகேறியிருக்கும்.

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டது, கேட்டது, உடலில் உணர்ந்தது மட்டும். அதன் பொருள் என்று அவர் நினைப்பது வலப்பக்கம். "கர்த்தர் என்னைத் தொட்டார்" வலப்பக்கத்துக்குப் போக வேண்டியது. "வலது தோளில் சூடு பரவியது, சுமார் ஐந்து நிமிடம்" இடப்பக்கத்துக்கு. அடியில் சூழலையும் குறியுங்கள்: எத்தனையாவது நாள் உபவாசம், முந்தின இரவு எவ்வளவு தூக்கம், காய்ச்சல் உண்டா, என்ன மாத்திரை. நீண்ட உபவாசமும் தூக்கமின்மையும் தம்மளவிலேயே காட்சிகளை உண்டாக்கக்கூடியவை.

நோய் சுகமான சாட்சி என்றால் மூன்று காகிதம் இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்: முன்பு எடுத்த பரிசோதனை அறிக்கை, அந்தக் காலத்தில் நடந்த சிகிச்சையின் விவரம், குறைந்தது ஒரு வருடம் கழித்து எடுத்த அறிக்கை. தானாக ஏறி இறங்கும் நோய்களில், மோசமான கட்டத்தில்தான் ஜெபத்துக்கு வருவார்கள், அதற்குப் பிறகு இறக்கம் இயல்பாகவே வரும்.

எல்லாரும் கோட்டை விடுவது அடுத்த விஷயத்தில். நடக்காததை யாரும் எண்ணுவதில்லை. புத்தாண்டு ஆராதனையில் 400 குடும்பங்கள் வாக்குத்தத்த அட்டை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வீடு, வேலை, குழந்தை, சமாதானம் என்று பொதுவான வாக்குறுதிகள். 20 குடும்பங்களுக்கு அப்படியே பலித்தால் டிசம்பரில் 20 சாட்சிகள், ஒவ்வொன்றும் உள்ளத்தை உருக்கும். மீதி 380 பேர் மைக் பக்கமே வரமாட்டார்கள். உங்கள் புத்தகத்தில் "இந்த வருடம் ஜெபக் குறிப்பு கொடுத்தவர்கள் இத்தனை, நடந்ததாகச் சொன்னவர்கள் இத்தனை" என்று ஒரு பக்கம் ஒதுக்க முடியுமா? முடியாது என்றால் அதைச் சாட்சிப் புத்தகம் என்று போடுங்கள், "ஆதாரங்கள்" என்று அட்டையில் போடாதீர்கள்.

எழுப்புதலின் (சபை முழுவதும் பரவும் பக்தி எழுச்சியின்) நடுவிலேயே இருந்து இதை அலசியவர் அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். 1734–35ல் மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் அவர் சபையிலேயே பெரும் எழுப்புதல் நடந்தது. 1746ல் அவர் எழுதிய நூலில், இருந்தாலும் எதையும் நிரூபிக்காத 12 அடையாளங்களைப் பட்டியலிட்டார். உணர்ச்சிப் பெருக்கு, உடல் நடுக்கம், வசனங்கள் திடீரென்று மனதில் வருதல், சரளமாகப் பேசுதல் எல்லாம் அதில் உண்டு. பதினோராவது, தன் அனுபவம் தேவனிடமிருந்து வந்தது என்ற அசையாத உறுதி. நம்பத்தக்கவை என்று அவர் தந்த இன்னொரு 12இல் நீளமாக விளக்கியது கடைசியை: வருடக்கணக்கில் தெரியும் நடத்தை. ஆகவே அச்சிடுமுன் சாட்சி சொன்னவரின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கடன் வாங்கிய இடத்திலும் கேட்டால் இன்னும் நல்லது.

கத்தோலிக்கத் திருச்சபை காட்சிகளையும் தனி வெளிப்பாடுகளையும் ஏற்கிறதே?
– வாசகர், திருச்சி

ஏற்கும் முன் எவ்வளவு இழுத்தடிக்கிறது என்றும் பாருங்கள். பிரான்சின் லூர்து நகரில் 1858இல் பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 18 முறை மரியன்னையைக் காட்சியில் கண்டதாகப் பெர்னதெத் என்ற சிறுமி சொன்னார். அந்தச் சிறுமியின் உறுதி ஒருமுறைகூடக் குலையவில்லை. ஆனாலும் ஆயர் விசாரணைக் குழு அமைத்து, 1862 ஜனவரியில்தான் தீர்ப்புச் சொன்னார். அங்கே நடந்த குணமடைதல்களில் 7,000க்கும் மேற்பட்டவை பதிவாகியிருக்கின்றன. புதுமை (அற்புதம்) என்று திருச்சபை ஏற்றது 70க்குச் சற்று மேல். நோய் கடுமையானதா, மருத்துவரால் உறுதி செய்யப்பட்டதா, சிகிச்சையால் விளக்க முடியாததா, சட்டென்று முழுமையாகக் குணமாகி நிலைத்ததா என்று வடிகட்டிய பிறகு மிஞ்சியவை அவை.

அப்படி ஏற்கப்பட்ட தனி வெளிப்பாடும் விசுவாசக் கோட்பாட்டின் பகுதி ஆகாது. நம்ப மறுக்கும் கத்தோலிக்கர் விசுவாசத்தை இழந்தவர் அல்ல. 2024 மே மாதம் வந்த புதிய நெறிமுறை இன்னும் ஒரு படி பின்வாங்கி, வழக்கமாக "தடையில்லை" என்பதோடு நின்றுகொள்ளச் சொல்கிறது.

கோட்பாட்டு மட்டத்திலும் நிலை தெளிவு. வெளி அடையாளங்களால் இறை வெளிப்பாட்டை நம்பத்தக்கதாக்க முடியாது, அவரவர் உள் அனுபவத்தால் மட்டுமே விசுவாசத்துக்கு வரவேண்டும் என்று சொல்வதை முதலாம் வத்திக்கான் சங்கம் 1870ல் கண்டனம் செய்துவிட்டது.

மூளையில் காந்தம் வைத்தாலே கடவுள் தெரிவாராமே?
– வாசகர், கோவை

கனடாவின் மூளை ஆய்வாளர் மைக்கேல் பெர்சிங்கர் பலவீனமான காந்தப்புலம் பாய்ச்சும் ஒரு தலைக்கவசத்தைக் கொண்டு அப்படிச் சொன்னார். ஸ்வீடனின் உப்சாலாவில் வேறொரு குழு, காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது சோதிப்பவருக்கும் தெரியாதபடி திரும்பச் செய்து, 2005ல் முடிவை வெளியிட்டது. காந்தத்தால் வித்தியாசமே இல்லை. யாருக்கு அனுபவம் வந்தது என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவியது அவரவர் எளிதில் தூண்டப்படும் தன்மை. கடவுளைக் காந்தமாக்கியவர்களுக்கு இது சங்கடம். கவசத்தை அணிந்த மாத்திரத்தில், சுவிட்சைப் போடாமலே சிலருக்கு ஒருவர் பக்கத்தில் இருப்பது போல் தோன்றியது என்பதால் நமக்கும் சங்கடம்தான்.

"இதயத்துக்குத் தனக்கென்று காரணங்கள் உண்டு, அறிவு அவற்றை அறியாது" என்று பாஸ்கல் சொன்னாரே! அவர் கணித மேதை அல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

சொன்னார். ஆனால் அவருடைய இதயம் நம் சினிமாப் பாட்டு இதயம் அன்று. இடவெளிக்கு மூன்று பரிமாணம், எண்களுக்கு முடிவில்லை என்பதைக்கூட இதயம்தான் உணர்கிறது என்கிறார். நிரூபணம் தொடங்குவதற்கு முன்பே நாம் கைக்கொண்டிருக்கும் அடிப்படைகளைப் பற்றும் புலன் அது.

அவருக்கு நேர்ந்த அனுபவமும் சாதாரணமானதில்லை. 1654 நவம்பர் 23 இரவு சுமார் பத்தரை முதல் பன்னிரண்டரை வரை. "நெருப்பு" என்று ஒற்றைச் சொல்லில் தொடங்கி, ஆபிரகாமின் தேவன், மெய்யியலாளரின் தேவன் அல்ல என்று எழுதினார். அந்தக் குறிப்பைச் சட்டையின் உட்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662ல் அவர் இறந்த சில நாட்களுக்குப் பிறகு பணியாள் ஒருவர் கையில் அது தட்டுப்படும்வரை வெளியே தெரியாது. நம்பாதவர்களோடு வாதிட அவர் சேர்த்துவைத்த கட்டுக் குறிப்புகளில் தீர்க்கதரிசனம் வருகிறது, மனிதனின் மேன்மையும் இழிவும் வருகிறது, கடவுள் இருக்கிறார் என்று பந்தயம் கட்டுவதே லாபம் என்ற அந்தப் பிரபலமான வாதம் வருகிறது. அந்த இரவை மட்டும் அவர் எதிராளியின் முன் வைக்கவே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் "உணர்ச்சி வேண்டாம், ஆதாரம் காட்டுங்கள்" என்கிறான். எதிலிருந்து தொடங்குவது?
– தந்தை, வேலூர்

1 கொரிந்தியர் 15:3–8. ஏறக்குறைய கி.பி. 55ல் எழுதப்பட்டது, சுவிசேஷங்களைவிடப் பழையது. அங்கே பவுல் தன் உள்ளத்து உறுதியைப் பேசாமல் ஆட்களை வரிசைப்படுத்துகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேர், யாக்கோபு. ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். 14ஆம் வசனத்தில், கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று, தோற்கக்கூடிய ஒரு பந்தயத்தை அவரே கட்டுகிறார். அடுத்து கலாத்தியர் 1:18–19ல், பேதுருவோடு 15 நாள் தங்கி, யாக்கோபையும் பார்த்ததைப் படிக்கட்டும்.

முரண்களை ஒளிக்காதீர்கள், அவனே கண்டுபிடிப்பான். பவுலோடு போனவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் 9:7 சொல்கிறது, கேட்கவில்லை என்று 22:9 சொல்கிறது. மாற்கு 16ல் 9 முதல் 20 வரையிலான வசனங்கள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு முக்கியப் பிரதிகளில் இல்லை. இவற்றுக்கு என்ன விளக்கம் தரப்படுகிறது, அந்த விளக்கம் தேறுமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்துக்குள் இவ்வளவையும் படித்துவிடலாம். பொதுத்தேர்வு முடியட்டும் என்று அவன் சொன்னால் விட்டுவிடுங்கள்.